மாமா கடை சிஸ்டத்தில் 800 ரூபாய் ஸியான்

திண்டிவனத்தில் என் தாய்மாமா நடத்துவது பெயருக்குத்தான் பிரஸ். உள்ளே போனால் ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு லேசர் பிரிண்டர், ஒரு லேமினேஷன் மெஷின், மூலையில் ஒரு கம்ப்யூட்டர். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, ஆடி மாதக் கூழ் நோட்டீஸ் எல்லாம் அந்த மூலையில்தான் பிறக்கும். பெரிய வேலையாக இருந்தால் லே-அவுட் முடித்து ஆஃப்செட்டுக்கு அனுப்பிவிடுவார்.

சிஸ்டம் 2010இல் வாங்கியது. ஜி41 சிப்செட் போர்டு, பென்டியம் டூயல் கோர் இ5200 பிராசசர், 2 ஜிபி ரேம், விண்டோஸ் 7 32 பிட். அதில் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7. பேஜ்மேக்கர் 7 வந்தது 2001இல். அதன் பிறகு சின்னத் திருத்தங்கள் தவிர வேறு பதிப்பே வரவில்லை. "இன்னுமா பேஜ்மேக்கர்?" என்று கேட்பவர்கள் ஏதாவது ஒரு சின்ன ஊர் பிரஸ்ஸில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பதினைந்து வருட ஃபைல்கள், யுனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள், அந்த எழுத்துருக்களுக்கான விசைப்பலகை மென்பொருள், அது வேலை செய்ய ஒரு யுஎஸ்பி டாங்கிள். போன வருஷம் பெரிய பெண்ணுக்கு அடித்த பத்திரிகையை எடுத்து, பெயரையும் முகூர்த்தத்தையும் மாற்றிச் சின்னப் பெண்ணுக்கு அடிப்பதுதான் தொழிலே. அதை இன்டிசைன் என்ற புது மென்பொருளுக்கு மாற்று என்று நான் சொன்னால் மாமா என்னைக் கடையை விட்டே மாற்றிவிடுவார்.

பிரச்சினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. இப்போது மேட்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. போட்டோவும் அதில்தான், புரூஃப் போவதும் அதில்தான். விண்டோஸ் 7க்குக் குரோம் 2023லேயே கதவைச் சாத்திவிட்டது. பழைய குரோமில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து, பக்கத்தில் பேஜ்மேக்கரையும் திறந்தால் எலி நகர்வதற்குள் டீ ஆறிவிடும். டாங்கிளுக்கான டிரைவரோ புது விண்டோஸில் ஏறவே மாட்டேன் என்கிறது.

நான் போட்ட திட்டம் இது. வெளியே லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம். பிரவுசர், வாட்ஸ்அப், பிடிஎஃப், பிரின்ட் எல்லாம் அதில். உள்ளே, ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொன்றை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் அந்தப் பழைய விண்டோஸ் 7 அப்படியே, டாங்கிளோடு. விர்ச்சுவல்பாக்ஸ் 6.1இலிருந்து பிராசசரில் விடி-எக்ஸ் என்கிற வன்பொருள் வசதி கட்டாயம். இ5200இல் அது இல்லை. இன்டெல் அந்த நாளில் விலை குறைந்த சிப்புகளில் அதை அடைத்து வைத்திருந்தது. ஆக, பிராசசரை மாற்றாமல் எதுவும் நடக்காது.

"புதுசே வாங்கிடலாமே மாமா" என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன்.

"பையனுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டற மாசம் மாப்ள. நாலாயிரத்துக்குள்ள முடிச்சுக் குடு."

ஜி41 போர்டில் பொருந்தக்கூடிய நல்ல சிப் கோர் 2 குவாட் க்யூ9550 அல்லது க்யூ9650. இவை பழைய சந்தையில் கிடைக்கும். ஆனால் என்னைப் போலவே பழைய போர்டு வைத்திருக்கும் எல்லோரும் இவற்றைத்தான் தேடுவதால், வயசுக்கு மீறிய விலை சொல்வார்கள். க்யூ9650இன் கூடப்பிறந்தது ஒன்று சர்வர் பக்கம் இருக்கிறது: ஸியான் இ5450. அதே 45 நானோமீட்டர் தயாரிப்பு, அதே 4 கோர், அதே 3.0 கிகா ஹெர்ட்ஸ், அதே 12 எம்பி கேஷ் (சிப்புக்குள் இருக்கும் நினைவகம்), அதே 1333 எஃப்எஸ்பி (போர்டோடு பேசும் வேகம்). சர்வருக்கு என்று தரம் பிரித்ததால் டிடிபி, அதாவது வெளியேற்ற வேண்டிய வெப்ப அளவு, 95 வாட்டுக்குப் பதில் 80 வாட். 2007 நவம்பரில் வந்த வரிசை. அந்த சர்வர்கள் எப்போதோ காயலான் கடைக்கு வந்துவிட்டன. சிப்பைச் செருகத்தான் யாரிடமும் போர்டு இல்லை. அதனால் கொள்ளை மலிவு.

சிப் உட்காரும் சாக்கெட்தான் வேறு. இது எல்ஜிஏ 771, நம் போர்டு எல்ஜிஏ 775. அளவு ஒன்றேதான். தொடுபுள்ளிகளில் பல இடம் மாறியிருந்தாலும் நம் வேலைக்குக் குறுக்கே நிற்பவை இரண்டே இரண்டு. அந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றி இணைத்தால் போதும். அதற்கென்றே சுண்டு விரல் நகத்தில் பாதிகூட இல்லாத ஸ்டிக்கர் விற்கிறார்கள். இன்னொரு தடை, சிப்பைத் தப்பான திசையில் வைக்காமலிருக்க சாக்கெட்டில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் காதுகள். 771 சிப்பில் அவற்றுக்கான வெட்டு வேறு இடத்தில் இருக்கும். காதை அறுக்க வேண்டும், இல்லையென்றால் சிப்பில் புது வெட்டுப் போட வேண்டும்.

சர்வர் சிப் என்றால் சர்வர் ரேம் வேண்டுமே என்று பலர் பயப்படுவார்கள். இந்தத் தலைமுறையில் அந்தக் கவலை இல்லை. ரேமை இயக்கும் மெமரி கன்ட்ரோலர் அப்போது பிராசசருக்குள் வரவில்லை, போர்டில் இருக்கும் நார்த்பிரிட்ஜ் சிப்பில் (இங்கே ஜி41) இருந்தது. எந்த ரேம் என்பதை ஜி41தான் முடிவு செய்கிறது, சிப்புக்கு அதைப் பற்றித் தெரியவே தெரியாது. இந்த வித்தை பலிப்பதற்கே காரணம் அதுதான்.

ஒரு சனிக்கிழமை சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். பழைய சர்வர்களை உடைத்து விற்கும் ஒரு கடையில், மாடிப்படிக்குக் கீழே, ஸ்வீட் டப்பா ஒன்றில் சிப்புகளைக் கொட்டி வைத்திருந்தார்கள். காய்ந்த பேஸ்ட் அப்பிக்கொண்டு, பொரிகடலை மாதிரி. "எல்லாம் ஸியான் ஜி, எல்லாம் ஒண்ணுதான், எது வேணாலும் எடுத்துக்கங்க" என்றார் கடைப் பையன். எல்லாம் ஒன்று இல்லை. நான் கைவிட்டு எடுத்த முதல் மூன்றில் ஒன்று இ5405. அது 2.0 கிகா ஹெர்ட்ஸ்தான். இன்னொன்று இ5410, 2.33. மூன்றாவது எல்5420, 2.5 கிகா ஹெர்ட்ஸ், ஆனால் 50 வாட்தான் இழுக்கும். மூடியில் பேஸ்டைத் துடைத்தால்தான் எழுத்து தெரியும். கைக்குட்டையைப் பலி கொடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்தேன்.

நான் தேடியது இ5450, அதிலும் எஸ்எல்பிபிஎம் என்று அச்சிட்டது. அது இ0 ஸ்டெப்பிங், அதாவது அதே சிப்பின் புதிய திருத்தம். எஸ்எல்ஏஎன்க்யூ என்றிருந்தால் அது பழைய சி0. இரண்டும் ஓடும், ஆனால் புதியது கிடைக்கும்போது பழையதை ஏன் எடுப்பானேன். எக்ஸ்5460 ஒன்றும் கையில் வந்தது, 3.16 கிகா ஹெர்ட்ஸ். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அது 120 வாட். மாமா போர்டில் பிராசசருக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதி மூன்று ஃபேஸ்தான், அதில் மாஸ்ஃபெட் என்ற மின் சுவிட்சுகள் மேல் ஹீட்சிங்க் என்று ஒரு தகடுகூடக் கிடையாது. போர்டு கையேட்டில் 95 வாட் க்யூ9550 வரை பட்டியலில் இருக்கிறது. அந்தக் கோட்டைத் தாண்ட மனமில்லை. டப்பாவிலேயே போட்டுவிட்டேன்.

பேரம் பேசி 800 ரூபாய். பக்கத்திலேயே சர்வர் ரேம் 4 ஜிபி ஸ்டிக் ஒன்று 100 ரூபாய் என்று மலைபோல் குவித்திருந்தார்கள். அதெல்லாம் எஃப்பி-டிம் என்ற சர்வர் வகை, நம் போர்டில் செருகவே முடியாது. மலிவாக இருக்கிறதே என்று வாங்கிப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஸ்டிக்கர் ஆன்லைனில் ஏற்கெனவே வாங்கியிருந்தேன். பத்து ஸ்டிக்கர் கொண்ட தாள் 120 ரூபாய். பத்து எதற்கு என்று அப்போது நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. கேபினெட்டைத் திறந்ததும் முதல் வேலை தூசி. ஜெராக்ஸ் டோனர் தூசியும் பேப்பர் தூசியும் சேர்ந்து ஹீட்சிங்க் இடுக்கில் கம்பளி நெய்து வைத்திருந்தது. சிஸ்டம் மெதுவாக ஓடியதில் பாதிக் குற்றம் அந்தக் கம்பளியுடையதுதான் என்று இப்போதும் எனக்குச் சந்தேகம்.

காது அறுக்கும் வேலைதான் நெஞ்சு படபடத்த இடம். 775 சாக்கெட்டில் ஊசிகள் சிப்பில் இல்லை, போர்டில் இருக்கின்றன. தலைமுடி தடிமனில் 775 ஊசிகள், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, காற்றடித்த நெல் வயல் மாதிரி. கத்தி ஒரு மில்லிமீட்டர் வழுக்கினால் ஒரு வரிசையே படுத்துவிடும். விசிட்டிங் கார்டு ஒன்றை (மாமா கடையில் அதற்கா பஞ்சம்) அளவாக வெட்டி ஊசிகள் மேல் படாமல், விளிம்பில் நிற்கிற மாதிரி மூடினேன். புது கட்டர் பிளேடை எடுத்து, காதை ஒரேயடியாக அறுக்காமல், மேலிருந்து கீழாகச் சீவல் சீவலாகச் சீவினேன். வெளிச்சத்துக்கு மொபைல் டார்ச்சை மாமா பிடித்துக்கொண்டார். ஒரு சீவல் துள்ளி ஊசிகளுக்கு நடுவில் விழுந்தது. இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. போர்டைத் தலைகீழாகப் பிடித்து, கேமரா லென்ஸ் துடைக்கும் ரப்பர் புளோயரால் நாலு ஊது ஊதியதும் மேஜையில் வந்து விழுந்தது. வாயால் ஊத வேண்டாம், எச்சில் தெறிக்கும்.

காது போய்விட்டால் இன்னொரு ஆபத்து தொடங்குகிறது. இனி சிப்பை எந்தத் திசையில் வைத்தாலும் அது பேசாமல் உட்கார்ந்துகொள்ளும். அதனால் அறுப்பதற்கு முன்பே பழைய சிப்பையும் புதுச் சிப்பையும் வயிற்றுப்புறம் மேலாகப் பக்கத்தில் வைத்து, தங்கப் புள்ளிகளின் வரிசை அமைப்பை ஒப்பிட்டு, புதுச் சிப்பின் மூடியில் ஒரு மூலையில் மார்க்கரால் புள்ளி வைத்திருந்தேன். சாக்கெட்டின் அதே மூலையிலும் போர்டில் ஒரு புள்ளி. மூடியில் இருக்கும் எழுத்தை வைத்துத் திசை கணக்குப் போட்டால் ஏமாறுவோம்.

ஸ்டிக்கர் ஒட்ட ஐசோபிரோபைல் ஆல்கஹாலால் சிப்பின் வயிற்றைத் துடைத்து, இரண்டு நிமிடம் காயவிட்டேன். ட்வீசரால் ஸ்டிக்கரைத் தூக்கி, இரண்டு புள்ளிகள் மேல் இறக்கி, பஞ்சுக் குச்சியால் அழுத்தினேன். பார்க்கச் சரியாகத்தான் இருந்தது. சிப்பை வைத்து, லிவரை மடக்கி, பேஸ்ட் வைத்து, கூலரை அழுத்தி, ஸ்விட்சைப் போட்டேன்.

ஃபேன் சுற்றியது. திரை கறுப்பு. பீப் சத்தம்கூட இல்லை.

ரேமைக் கழற்றி மாட்டினேன். சிமாஸ் பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். "பழசையே போட்டுடு மாப்ள, நாளைக்கு ரெண்டு பத்திரிகை குடுக்கணும்" என்றார் மாமா. அவர் கவலை அவருக்கு. பழைய இ5200ஐ வைத்தேன், ஓடியது. அந்த நிமிடம் உயிர் வந்தது. சாக்கெட் ஊசி எதுவும் சாகவில்லை என்று அர்த்தம். ஆக, குற்றம் சிப்பில் அல்லது ஸ்டிக்கரில்.

ஸ்டிக்கரை மொபைல் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அரைப் புள்ளி அளவுக்கு நகர்ந்திருந்தது. அதன் ஒரு ஓரம் பக்கத்துப் புள்ளியையும் சேர்த்துத் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டாவது ஸ்டிக்கர் ட்வீசரில் சுருண்டு போனது. மூன்றாவதை அவசரப்படாமல், தாளிலிருந்து உரிக்கும்போதே ஒரு மூலையை மட்டும் பிடித்து, சிப்பின் ஓரத்தை விளிம்புக்கோடாக வைத்து ஒட்டினேன். இந்தத் தடவை ஒட்டியதும் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்து, அதன் பிறகே சாக்கெட்டில் வைத்தேன். பத்து ஸ்டிக்கர் ஏன் கொடுக்கிறார்கள் என்று புரிந்தது.

திரையில் எழுத்து வந்தது: "இன்டெல் சிபியு யுகோட் லோடிங் எரர்". கீழே, தொடர எஃப்1 அழுத்து என்று. இதற்கு நான் தயாராகத்தான் இருந்தேன். பிராசசருக்குள் சின்னச் சின்னத் திருத்தங்களைப் பயாஸ் (போர்டில் இருக்கும் தொடக்க மென்பொருள்) ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் ஏற்றுகிறது, அதுதான் மைக்ரோகோட். இந்தப் பயாஸில் இருப்பது டெஸ்க்டாப் சிப்புகளுக்கானது மட்டும். க்யூ9650இன் இ0 ஸ்டெப்பிங்குக்கும் இதற்கும் சிபியு ஐடி ஒன்றே, 1067ஏ. அதனால் ஒத்துப்போகும் என்று சிலர் நம்புவார்கள், நானும் நம்பினேன். மைக்ரோகோட் ஐடியை மட்டும் பார்ப்பதில்லை, எந்த பிளாட்ஃபார்ம் என்பதையும் பார்க்கிறது. அது டெஸ்க்டாப்புக்கு வேறு, சர்வருக்கு வேறு.

சோம்பேறி வழி ஒன்று உண்டு. பயாஸில் "பிழை வந்தால் எஃப்1க்குக் காத்திரு" என்பதை அணைத்துவிட்டால் சிஸ்டம் பேசாமல் மேலே போய்விடும், லினக்ஸ் தானே மைக்ரோகோடை ஏற்றிக்கொள்ளும். முதல் நாள் இரவு அப்படித்தான் ஓட்டினேன். ஆனால் சும்மா இருக்கும்போதும் நாலு கோரும் 3.0 கிகா ஹெர்ட்ஸிலேயே நின்றன. வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் வசதியைப் பயாஸ் இந்தச் சிப்புக்குத் திறந்துவிடவில்லை. கடையில் சிஸ்டம் பன்னிரண்டு மணி நேரம் ஓடும், அதில் எட்டு மணி நேரம் சும்மாதான் இருக்கும். விட மனமில்லை.

பயாஸ் சிப்பைப் போர்டிலிருந்து கழற்ற முடிந்தது. எட்டுக்கால் பூச்சி, சாக்கெட்டில் உட்கார்ந்திருந்தது. சிப்பைப் படித்து எழுதும் சிஎச்341ஏ புரோகிராமரில் செருகி, முதலில் உள்ளே இருப்பதை இரண்டு தடவை படித்து, இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டு, பென் டிரைவில் ஒரு பிரதி, எனக்கே மெயிலில் ஒரு பிரதி. (கறுப்பு நிற சிஎச்341ஏ வாங்கினால் ஒன்று கவனிக்க வேண்டும். சிப்புக்கு 3.3 வோல்ட் கொடுத்தாலும் டேட்டா கம்பிகளில் 5 வோல்ட் விடும். பழைய பயாஸ் சிப்புகள் பெரும்பாலும் தாங்கிக்கொள்கின்றன. எனக்கும் தாங்கியது.) ஏஎம்ஐ பயாஸ் என்பதால் எம்எம்டூல் கொண்டு ஸியானுக்கான மைக்ரோகோடைச் சேர்த்தேன். அவார்டு பயாஸாக இருந்தால் இதற்கே சிபிராம் என்று வேறு கருவி. எழுதும்போது கரண்ட் போனால் என்ன செய்வது என்று மாமா யூபிஎஸ்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் லேப்டாப்பில்தான் எழுதினேன், பேட்டரி இருந்தது. ஆனாலும் அவர் யூபிஎஸ்ஸைக் காலடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

மறுபடி மாட்டினேன். பிழைச் செய்தி இல்லை. பயாஸ் மெனுவுக்குள் போனால், இத்தனை வருடம் அங்கே இல்லாத ஒரு வரி இருந்தது: வர்ச்சுவலைசேஷன். சிப்பில் வசதி வந்ததும் மெனு தானாகக் காட்டுகிறது. லினக்ஸில் பார்த்தால் சும்மா இருக்கும்போது 2.0, வேலை வந்தால் 3.0. கணக்கும் சரிதான்: 333 மெகா ஹெர்ட்ஸை ஆறால் பெருக்கினால் ஒன்று, ஒன்பதால் பெருக்கினால் மற்றது.

அடுத்து சூடு. இ5200உடன் வந்த கூலர் மெல்லிசான முழு அலுமினியம். 65 வாட் சிப்புக்கே அளந்து செய்தது. நாலு கோரையும் முழுதாக ஓடவிட்டு வெப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 60, 70, 80. ஆறாவது நிமிடம் 88 தொட்டதும் நிறுத்திவிட்டேன். பக்கத்துத் தெருவில் சர்வீஸ் கடை நடத்தும் நண்பர் குப்பை டப்பாவிலிருந்து கோர் 2 குவாடுக்கான பழைய கூலரை எடுத்துக் கொடுத்தார். இரு மடங்கு உயரம், நடுவில் செம்பு. 150 ரூபாய். அதை மாட்டியும் 85. எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

போர்டையே கழற்றி முதுகைப் பார்த்தபோது விடை அங்கே இருந்தது. இந்தக் கூலருக்கு நான்கு தள்ளுமுள்கள். மேலே அழுத்தினால் "டக்" என்று சத்தம் வரும். முதுகுப்புறம் வெள்ளைக் கால் இரண்டாகப் பிளந்து வெளியே நிற்க, நடுவில் கறுப்பு முள் இறங்கியிருக்க வேண்டும். மூன்று மூலையில் அப்படித்தான் இருந்தது. நாலாவதில் கறுப்பு முள் இறங்கவே இல்லை. மேலே "டக்" என்று கேட்டது என்னவோ உண்மைதான், என் காதை நம்பியதுதான் தப்பு. கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, பேஸ்ட் பாதிப் பரப்பில்தான் படிந்திருந்தது. முள்களின் தலையைத் திருப்பி, எதிரெதிர் மூலைகளாக அழுத்தி, ஒவ்வொரு தடவையும் முதுகைப் பார்த்து மாட்டினேன். அரை மணி நேரம் முழுப் பாரத்தில் 66. இது போதும்.

ஒரு விநோதம். நாலு கோரில் இரண்டாவது மட்டும், சிஸ்டம் எவ்வளவு குளிர்ந்திருந்தாலும் 44க்குக் கீழே இறங்குவதில்லை. இந்த 45 நானோமீட்டர் சிப்புகளில் சென்சார் இப்படி ஒரு எண்ணில் ஒட்டிக்கொள்வது வழக்கம்தான். பாரம் ஏறும்போது மற்றவற்றோடு சேர்ந்து ஏறுகிறது, அதனால் கவலைப்படவில்லை. மாஸ்ஃபெட்கள் மேல் மட்டும் சின்ன அலுமினியத் துண்டுகளை வெப்ப டேப்பால் ஒட்டினேன். அவற்றைத் தொட்டுப் பார்த்தால் சுடுகிறது, ஆனால் மூன்று விநாடி விரலை வைத்திருக்க முடிகிறது.

ரேம் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் என் முட்டாள்தனம்தான் அதிகம். ஜி41இல் டிடிஆர்3 என்றால் இரண்டு ஸ்லாட், ஸ்லாட்டுக்கு 4 ஜிபி, மொத்தம் 8. ஆனால் எந்த 4 ஜிபியும் இல்லை. ஒரு பக்கம் மட்டும் 8 சிப் இருக்கும் புது மாதிரி ஸ்டிக்கை இந்த சிப்செட்டுக்குப் படிக்கத் தெரியாது. இரண்டு பக்கமும் எட்டெட்டாக, 16 சிப் இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் எண்ணாமல் வாங்கினேன், போர்டு கிளம்பவில்லை, திரும்பப் போய் மாற்றினேன். பயன்படுத்திய 16 சிப் ஸ்டிக் இரண்டு, 900 ரூபாய்.

240 ஜிபி எஸ்எஸ்டி 1,700. இந்த போர்டில் இருக்கும் ஐசிஎச்7 சிப்புக்கு ஏஹெச்சிஐ என்ற புது டிஸ்க் முறை கிடையாது, பழைய ஐடிஇ முறையில்தான் ஓடும். சாட்டாவும் 3 கிகாபிட்தான். எஸ்எஸ்டியின் முழு வேகத்தில் பாதிதான் கிடைக்கிறது. ஆனால் பதினைந்து வயது ஹார்ட் டிஸ்கிலிருந்து வருகிறவருக்கு அந்தப் பாதியே திருவிழா.

பழைய விண்டோஸைப் பெட்டிக்குள் அடைக்க, டிஸ்க்2விஹெச்டி என்ற கருவி கொண்டு பழைய டிஸ்கை அப்படியே ஒரு ஃபைலாக எடுத்துக்கொண்டேன். விர்ச்சுவல்பாக்ஸில் அதை முதலில் சாட்டா கன்ட்ரோலரில் மாட்டியதும் நீலத்திரை. ஐடிஇ கன்ட்ரோலருக்கு மாற்றியதும் ஒன்றும் நடக்காதது போல் கிளம்பியது. மாமாவின் மேசைத்திரை, முருகன் படம், "புது ஃபோல்டர் (14)" எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. டாங்கிள்தான் பட்டியலில் தெரியவே இல்லை. பயனரை விபாக்ஸ்யூசர்ஸ் குழுவில் சேர்த்து, வெளியேறி உள்ளே வந்தால்தான் யுஎஸ்பி பட்டியல் நிரம்பும். சேர்த்தேன். டாங்கிளில் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. விசைப்பலகை மென்பொருள் திறந்தது. மாமா நாற்காலியில் உட்கார்ந்து "திருவளர்ச்செல்வி" என்று அடித்துப் பார்த்தார். சரியாக வந்தது.

இப்போது எப்படி இருக்கிறது? பேஜ்மேக்கரை மட்டும் வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. அது ஒரு கோரில் ஓடும் மென்பொருள், நாலு கோர் இருப்பது அதற்குத் தெரியாது. இந்தத் தலைமுறைச் சிப்பில் ஈபிடி வசதியும் இல்லாததால் உள்ளே இருக்கும் விண்டோஸின் நினைவக வேலையை விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளாகவே செய்ய வேண்டியிருக்கிறது. ஜன்னல்கள் திறக்கும்போது ஒரு கண்ணிமைப்பு தாமதம் தெரியும். மாற்றம் தெரிவது எல்லாம் ஒன்றாகத் திறந்திருக்கும்போது. வாட்ஸ்அப் வெப், இருபது டேப், யூடியூபில் சஷ்டி கவசம், பேஜ்மேக்கர், பிடிஎஃப் எல்லாம் சேர்ந்து ஓடும்போது எலி நிற்பதில்லை. பேஜ்மேக்கரிலிருந்து எடுத்த பிடிஎஃப் பகிர்வு ஃபோல்டர் வழியாக வெளியே வந்து, அடுத்த நிமிடம் வாடிக்கையாளர் போனுக்குப் போகிறது.

என்னைக் கேட்டால் வந்த வேகத்தில் பாதிக்கு மேல் எஸ்எஸ்டியும் ரேமும் கொடுத்தவை. சிப் கொடுத்தது கதவுச் சாவியை: விடி-எக்ஸ் இல்லாமல் இந்த ஏற்பாடே கிடையாது. சாவிக்கு 800 ரூபாய் நியாயமான விலை. விண்டோஸ் 11 போடலாமா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். இந்தச் சிப்பில் எஸ்எஸ்இ என்ற கட்டளைத் தொகுப்பு 4.1 வரைதான் உண்டு, 4.2 இல்லை, விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்பு கிளம்பவே கிளம்பாது. ஏவிஎக்ஸ் என்ற இன்னொரு கட்டளைத் தொகுப்பைக் கேட்கும் மென்பொருள்களும் அப்படியே. அந்த ஆசை இருப்பவர்கள் இந்த வழிக்கே வர வேண்டாம்.

பிளக்கில் மாட்டும் மீட்டரில் முன்பு சும்மா இருக்கும்போது 62 வாட், இப்போது 70. முழுப் பாரத்தில் 139 போகிறது. மாமா கடையில் முழுப் பாரம் என்பது நான் சோதித்த அன்று மட்டும்தான்.

சிப் 800, ஸ்டிக்கர் 120, ரேம் 900, எஸ்எஸ்டி 1,700, கூலர் 150, பேஸ்ட் 130. மொத்தம் 3,800. மீதி 200ஐத் திருப்பிக் கொடுத்தேன். மாமா அதில் பரோட்டா வாங்கி வரச் சொன்னார்.

மூன்றாம் நாள் காலை போன் வந்தது. "மாப்ள, ஃபேன் சத்தமே கேக்கலடா. நின்னுடுச்சா?" பழைய சிஸ்டம் மாவு மிஷின் மாதிரி இரைந்துகொண்டே இருந்தது, அவருக்குப் பழகிவிட்டது. கேபினெட் பக்கக் கதவைத் திறந்து வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன். ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கதவைத் திரும்ப மூடவில்லை என்பது போன வாரம் ஊருக்குப் போனபோதுதான் தெரிந்தது; உள்ளே மறுபடி டோனர் தூசி படிய ஆரம்பித்திருந்தது. கேட்டால், "ஓடுதான்னு அப்பப்ப பாத்துக்கறேன் மாப்ள" என்கிறார்.